தொறக்காத, வாரேன்

காலையில் கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு கட்டிலிலேயே கட்டையாகக் கிடக்கிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அப்படிக் கிடந்திருக்கிறேன். மலேசியாவின் ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறவள் நான். வயது ஐம்பத்தாறு. ஓய்வு மணி அடித்ததும் ஓடிவருகிற நூற்றைம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்திவிடுவேன். பெரிய வாத்தியாரே என்னிடம் குரலை இறக்கித்தான் பேசுவார். அப்படிப்பட்டவளுக்குச் சொந்த இமையைத் தூக்கத் தைரியம் இல்லாமல் போய்விட்டது. இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

எல்லாம் ஒரு குருத்தோலையால் வந்தது. நானும் என் வீட்டுக்காரரும் சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டு எத்தனையோ வருடமாகிறது. நாங்கள் குடியிருந்த லயங்களும் போய்விட்டன. கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை திருவிழாவுக்கு எல்லோரும் காடியை, அதாவது காரை, எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவோம். பொம்பளைகளுக்குச் சமையல், ஆம்பளைகளுக்குக் குருத்தோலைத் தோரணம். அந்த வருடம் ஆம்பளைகளில் பாதிப் பேர் பந்தல் போடப் போய்விட்டார்கள். "சும்மாதான நிக்கிற, வந்து மடியேன்" என்று இவர் கூப்பிட்டார். நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன். ஓலைக்கட்டிலிருந்து ஒன்றை இவர் வெடுக்கென்று உருவினார். அதன் நுனி நேராக வந்து என் வலது கண்ணில் அடித்தது.

"கண்ணக் கசக்காத" என்றார். அவ்வளவுதான். ஐயோ என்றோ, தெரியாமப் பட்டுருச்சு என்றோ ஒரு வார்த்தை கிடையாது. முப்பத்திரண்டு வருடமாகக் கூட வாழ்கிற மனுஷன், எனக்குத் தெரியாதா? தண்ணீர் இலாகாவில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் மூன்று "சோறு போட்டாச்சா" என்பதாக இருக்கும். மறுநாள் கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் கண் சரியாகிவிட்டது. நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். கேண்டீனில் விற்கிற நாசி லெமாக்குக்கு, அதுதான் தேங்காய்ப்பால் சோறு, அரிசி போட விடியுமுன்னே எழுந்திருக்க வேண்டும். எப்போதும் போலக் கண்ணைத் திறந்தேன். ஆத்தாடி! கண்ணுக்குள்ளிருந்து தோலைப் பிய்த்து எடுத்த மாதிரி ஒரு வலி. நான் போட்ட கூச்சலில் இவர் குளியலறையிலிருந்து பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். மதியத்துக்குள் வலி போய்விட்டது. பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் எந்தக் காலையில் வரும், எந்தக் காலையில் வராது என்றே சொல்ல முடியவில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முழிப்பு வந்த பிறகும், இன்றைக்கு உண்டா இல்லையா என்று தெரியாமல் இமையை மூடிக்கொண்டு படுத்திருப்பதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

கண் டாக்டர் ஒரு சீனப் பெண். என் மகளைவிடச் சின்ன வயது, ஒல்லியான உடம்பு, பொறுமை மட்டும் ஏராளம். ஒரு தாளில் படம் போட்டு மலாயில் நிதானமாக விளக்கினார். கருவிழிக்கு மேலே மெல்லிய தோல் ஒன்று இருக்கிறதாம். ஓலை பட்ட இடத்தில் அது கிழிந்து புதிதாக முளைத்திருக்கிறது, ஆனால் அடியில் ஒட்டவில்லை. தூங்கும்போது கண் காய்ந்துபோய் அந்தத் தோல் இமையோடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் இமையைத் திறந்தால் தோலும் கூடவே பிய்ந்துகொண்டு வருகிறது. ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்தால் நிற்குமா? அந்தக் கதைதான் என் கண்ணிலும்.

களிம்பு, சொட்டு மருந்து என்று ஆறேழு மாதம் பார்த்தோம். கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் இப்படிச் சொன்னார். ஒட்டாத தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் உள்ளதை லேசரால் சமப்படுத்திவிடலாம். புதுத் தோல் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். ஆனால் அது நன்றாகப் பிடித்துக்கொள்ள மூன்று நான்கு மாதமாகும். பிடித்துக்கொண்டால் எனக்கு விடுதலை. பிடிக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும், தழும்பு விழுந்து பார்வை மங்கினாலும் மங்கலாம். கேண்டீனைப் பற்றிக் கேட்டேன். கண் இப்படியே இருந்தால் அடுப்புப் புகைக்கும் மிளகாய் நெடிக்கும் ஒரேயடியாக முழுக்குப் போட வேண்டியதுதான் என்றார். இருபது வருடமாக நடத்துகிற கேண்டீன் அது. அந்தத் தோல் பிடித்தே ஆக வேண்டும். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செய்யும்போது வலியே இல்லை. மரத்துப்போக மருந்து ஊற்றியிருந்தார்கள். கோழி மயிர் பொசுக்குகிற வாடை மட்டும் வந்தது. அது என் கண்ணிலிருந்துதான் வருகிறது என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. எல்லாம் முடிந்ததும் கட்டுப் போடுவதற்குப் பதிலாகக் கருவிழியின்மேல் மெல்லிய லென்ஸ் ஒன்றை வைத்தார்கள். ஆறு நாளைக்கு அது நகரக் கூடாது, கண்ணில் கை வைக்கவே கூடாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். "இம்புட்டுத்தானா? இதுக்கா பயந்து செத்தேன்?" என்று காடியில் வீரம் பேசிக்கொண்டு வந்தேன். மூன்றாவது சமிக்ஞை விளக்குக்கு வருவதற்குள் மரப்பு இறங்கிவிட்டது. அதற்கப்புறம் வீடு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வலியை எப்படிச் சொல்வது? பிள்ளை பெற்ற வலி எனக்குத் தெரியும். அது விட்டுவிட்டு வரும், மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. சம்பாலுக்கு அரைத்த மிளகாயை எடுத்து அப்படியே கண்ணில் அப்பின மாதிரி எரிந்தது. நல்ல கண்ணைத் திறந்தாலும் அது அசையும்போது வலிக்கிற கண்ணும் கூடவே அசையும். அதனால் இரண்டையும் மூடிக்கொண்டே கிடந்தேன். மூக்கு ஒழுகியது, தலை வெடித்தது. சன்னலில் இவர் என் பாத்திக் கைலியை மாட்டிவிட்டார். அதற்குள்ளும் வெளிச்சம் ஊசி மாதிரி நுழைந்தது. மாத்திரை போட்டால் அரை மணி நேரம் தூக்கம் வரும். எழுந்ததும் எல்லோரையும் திட்டுவேன். மகள் ஜொகூரிலிருந்து போன் பண்ணினாள், அவளையும் திட்டினேன். மின்விசிறி கிறீச்சென்றது, அதையும் திட்டினேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து ஊற்ற வேண்டும். அதை யார் செய்வது என்று நான் கேட்கவே இல்லை. இவரே எடுத்துக்கொண்டார். கலியாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு கோப்பை காப்பி கலந்து கொடுத்தறியாத மனுஷன். கோயில் நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஊற்றின ஒவ்வொரு வேளைக்கும் கோடு இழுத்தார். கைத்தொலைபேசியில் அலாரம் வைத்தார். அது அடித்ததும் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும், "தொறக்காத, வாரேன்!" என்று குரல் கொடுப்பார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். அப்புறம் வந்து, லாரிக்கு எண்ணெய் பார்க்கிற கையால், முட்டையைத் தொடுகிற மாதிரி என் இமையைத் தொடுவார்.

எனக்கு டிவி நாடகம் பார்க்காமல் இருக்க முடியாது. காது மட்டும் இருந்தால் போதுமா? இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, படத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

"ஒரு பொம்பள அழுவுது" என்றார்.

"எந்தப் பொம்பள?"

"தெரியல. எல்லாம் ஒரே மாதிரி இருக்காளுங்க."

"சேல என்னா கலரு?"

"பச்ச... இல்ல, நீலம். இரு, வேற ஒருத்தி வாரா. அவளும் அழுவுறா."

"ஐயோ சாமி, ஒங்களப் போய்க் கேட்டேன் பாருங்க!" என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காதலா, லென்ஸ் நகந்துரும்" என்றார். வலியோடு வலியாகச் சிரித்தேன். மூன்றாம் நாள் நாடகத்தில் மாமியார் யார், மருமகள் யார் என்று அவருக்கே பிடிபட்டுவிட்டது. நான் தூங்கிவிட்டாலும் விட்ட கதையை எனக்காகப் பார்த்துவைத்தார்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்க்காத நாள் கிடையாது. கேண்டீனில் என்னோடு வேலை செய்கிறவரும் அவர்தான். புண் ஆற வேண்டுமென்றால் ஹாருவான், அதாவது விரால் மீன் சூப்தான் என்று இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் மூன்று பேரும் ஒத்துப்போவார்கள். எனக்குத் தெரிந்து மூன்று பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். அக்கா சொன்னதும் இவர் காம்பாருக்குப் போய், பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் பிடித்த ஹாருவானை உயிரோடு வாளியில் கொண்டுவந்துவிட்டார். அது குளியலறையில் துள்ளி வெளியே விழுந்தது. இவர் "புடி, புடி!" என்கிறார், அக்கா "அலாமா!" என்று அலறுகிறார், நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே உத்தரவு போடுகிறேன். சூப் ஒரே கவிச்சி. ஆனாலும் குடித்தேன். அந்தத் தோல் பிடிப்பதற்காக எதையும் குடிப்பேன்.

நாலாம் நாள் வலி பாதியாகிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் நானே எழுந்து நடந்தேன். இன்னும் ஒரே ஒரு நாள், லென்ஸை எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு மதியம்தான் அது நடந்தது.

எங்கள் வீட்டில் தைலம் இல்லாத அறை கிடையாது. தலைவலியா, வயிற்றுவலியா, கொசுக்கடியா, பஸ்ஸில் வாந்தி வருகிறதா, எல்லாவற்றுக்கும் அந்தச் சின்னப் புட்டிதான். இந்த நாட்டில் பாதிப் பேர் சட்டைப்பையில் ஒன்று இருக்கும். இவருக்கு மூட்டுவலி. சாப்பிட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முட்டிக்கும் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்ப்பார். அன்றைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார். அலாரம் அடித்தது. "தொறக்காத, வாரேன்!" என்றார். ஐந்து நாளாகக் கேட்ட குழாய்ச் சத்தம் அன்றைக்குக் கேட்கவில்லை. அதை நான் கவனித்திருந்தால் தடுத்திருப்பேன். விரல் இமையைத் தொட்டது.

அப்புறம் நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தீயை வைத்த மாதிரி இருந்தது. அலறினேன், அவரைப் பிடித்துத் தள்ளினேன், தொடவே கூடாது என்ற கண்ணை இரண்டு கையாலும் கசக்கினேன். லென்ஸ் கழன்று கன்னத்தில் வந்து ஒட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா?

"ஒரு தடவ குத்துனது பத்தலயா? மிச்சத்தையும் அவிச்சிடலாம்னு வந்தீங்களா?" என்று கத்திவிட்டேன்.

ஓலையைப் பற்றி அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பேசினதே இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாக ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருந்ததை நான் அப்படித் தூக்கி எறிந்தேன். காடிச் சாவி எடுக்கிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் விசும்பிக்கொண்டே போனேன்.

டாக்டர் கண்ணைக் கழுவிவிட்டு, கருவியில் முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்தார். புதுத் தோல் ஓரத்தில் கிழிந்துவிட்டது, வேறு லென்ஸ் வைக்கிறேன், இன்னும் ஐந்து நாள் என்றார். எப்படி ஆச்சு என்று கேட்டார். இவர் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "தூக்கத்துல நானே கசக்கிட்டேன்" என்று மலாயில் சொன்னேன். கோபம் போகவில்லைதான். அதற்காக என் புருஷனை இன்னொருத்தர் குறை சொல்ல நான் விடுவேனா?

வீட்டுக்கு வந்ததும் இவர் செய்த முதல் வேலை, எல்லா அறையிலும் இருந்த தைலப் புட்டிகளைத் தேடி எடுத்துக் குப்பையில் போட்டது. இரண்டாவது வேலை, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டது. "இனிமே நீங்களே ஊத்துங்கக்கா. என் கை ஆவாது" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அலாரத்தை மட்டும் அவரே வைத்துக்கொண்டார். அது அடித்ததும் வாசலுக்குப் போய் அக்காவைக் கூப்பிடுவார். அக்கா வந்து ஊற்றிவிட்டுப் போவார். அக்காவின் கை நல்ல கைதான், குறை சொல்ல மாட்டேன். இவர் மட்டும் என் அறைக்குள் வரவே இல்லை. டிவியில் யார் அழுகிறார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. தைலம் இல்லாமல் முட்டி மடக்கென்று சத்தம் போட, கூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கும் நாக்கு எழவில்லை.

ஐந்து நாள் கழித்து லென்ஸை எடுத்தார்கள். தோல் மூடிவிட்டது, நல்ல செய்தி. ஆனால் உண்மையான பரீட்சை இனிமேல்தான் என்றார் டாக்டர். தினமும் படுக்கும்போது களிம்பு. காலையில் முழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்கக் கூடாது. மூடின கண்ணின் ஓரத்தில் மருந்தை ஊற்றி, அது உள்ளே ஊறும் வரைக்கும் பொறுத்து, அப்புறம் மெதுவாகத் திறக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நாளும் தவறக் கூடாது. ஒரு நாள் அவசரப்பட்டுத் திறந்தாலும் பிய்ந்துவிடும் என்றார்.

அதற்குள் பள்ளி திறந்துவிட்டது. அக்கா விடியுமுன்னே கேண்டீனுக்குப் போய்விடுவார். காலை மருந்துக்கு ஆள் இல்லை. நானே ஊற்றிக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். முதல் நாள் மருந்து நெற்றியில் விழுந்தது. இரண்டாம் நாள் காதுக்குள் போனது. மூன்றாம் நாள் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை, ஊறியிருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். சுருக்கென்றது. பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, தோல் கிளம்பிவிட்டது, கேண்டீன் போச்சு, கண் போச்சு என்று அன்று முழுக்க அழுதேன்.

நாலாம் நாள் முழிப்பு வந்தும் அசையவில்லை. தெருமுனைத் தொழுகைக்கூடமான சூராவில் தொழுகை முடிந்தது, பள்ளி பஸ் போனது, பக்கத்துத் தெரு ரொட்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். நான் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தேன். அடுப்படியில் இவர் கரண்டியால் கோப்பையைக் கலக்குகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டால் வருவாரா? கூப்பிடத்தான் மானக்கேடாக இருந்தது. கடைசியில் கூப்பிட்டேன்.

"என்னாங்க!"

கரண்டி நின்றது. முட்டி மடக் மடக்கென்று அறை வாசல் வரைக்கும் வந்து நின்றது. "என்னா? வலிக்குதா?"

"மருந்து ஊத்துங்க."

"அக்கா வரட்டும்."

"அக்கா அங்க மீ கோரெங் பெரட்டிக்கிட்டு இருக்கும். அது வர மத்தியானமாவும். அது வரைக்கும் நான் இப்பிடியே குருடியா கெடக்கவா?"

"என் கை வேணாம்மா. ரெண்டு தடவ ஆயிப்போச்சு" என்றார். குரல் ஒரு மாதிரி உடைந்திருந்தது. "அன்னிக்கு ஓலைய நாந்தான் வெடுக்குனு இழுத்தேன். ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியாம? எதுக்கதான ஒக்காந்திருந்தேன்."

"அப்ப ஏன் இத்தன நாளா ஒன்னும் கேக்கல?"

"நீங்க ஏன் ஒன்னும் சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? ஒவ்வொரு தடவ நீ காலையில கத்தும்போதும் எனக்கு ஈரக்கொல நடுங்கும். நான் குடுத்த வலி அது. எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுச் சொல்ல?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுகிறார். எங்கள் மகள் கலியாணம் ஆகிப் போனபோதுகூட அழாத மனுஷன். எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. மூடின கண்ணுக்குள் தண்ணீர் நிறைந்து நின்றது.

"இங்க வாங்க" என்றேன். "அன்னிக்கு நான் சொன்னது பெரிய தப்பு. வலியில வாய் என்னா பேசுதுன்னே தெரியல. மனசுல வச்சிக்காதீங்க. போங்க, கையக் கழுவிட்டு வாங்க."

குழாய் நெடுநேரம் ஓடியது. வந்தவர் உடனே ஊற்றவில்லை. தன் உள்ளங்கையை என் மூக்குக்கு அருகில் கொண்டுவந்து, "மோந்து பாரு" என்றார். சவுக்காரம் மணத்தது. "இந்தக் கையையும்." அதையும் மோந்தேன். "ஊத்துங்க" என்றேன். கண்ணோரத்தில் ஒரு துளி குளுகுளுவென்று விழுந்தது. "தொறக்காத, ஊறட்டும்" என்று அறுபது வரைக்கும் வாய்க்குள்ளேயே எண்ணினார். அப்புறம், "இப்ப மெதுவா" என்றார். திறந்தேன். வலி இல்லை. சவரம் செய்யாத முகமும் சிவந்த மூக்குமாக என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். நான் புரண்டு படுத்தாலே போதும், அடுப்படியிலிருந்து "தொறக்காத, வாரேன்" என்று கேட்கும். முதலில் கை மோந்து பார்க்கிறது, அப்புறம் துளி, அப்புறம் அறுபது. முதல் வாரம் வெறுமனே எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் எண்ணுவதற்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கூச்சம் விட்டுப்போயிருக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் முறைத்த முறைப்பில் ஓடிவிடலாமா என்று நினைத்தாராம். மகளைப் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வந்த வழியில் லாரிப் பட்டறைக்குப் பின்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதாராம். ஓய்வு பெற்ற பிறகு, தான் யாருக்கும் தேவையில்லையோ என்று ஒரு வருடம் தூக்கமில்லாமல் இருந்தாராம். "பக்கத்துலதான படுத்திருந்தேன், ஒரு வார்த்த சொன்னா என்னா?" என்றேன். "நீ அசந்து தூங்குவ, பாவம்லா" என்றார். அறுபது ஐந்து நிமிடமானது, ஐந்து பத்தானது. முப்பத்திரண்டு வருடத்தில் பேசாததையெல்லாம் அந்தக் காலைகளில் பேசினார். நான் இமையை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

மூன்றாம் மாதம் கேண்டீனுக்குத் திரும்பினேன். காலைச் சமையலை அக்கா பார்த்துக்கொள்ள, நான் ஏழு மணிக்குப் போவேன். மிளகாய் வதக்குவதை மட்டும் இன்னும் அக்காவிடம் விட்டுவைத்திருக்கிறேன். வரிசையில் நிற்கிற பிள்ளைகள், "ஆன்ட்டி, கண்ணு நல்லாயிருச்சா?" என்று கேட்டார்கள். "நல்லாயிருச்சு, அதான் நீ வரிசையில முந்துறது தெரியுது" என்றேன்.

நாலாம் மாதம் டாக்டரிடம் போனோம். அந்த ஆஸ்பத்திரியில் காடி நிறுத்த இடம் கிடைப்பதே இல்லை. என்னை இறக்கிவிட்டு இவர் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் கருவியில் நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து சிரித்தார். தோல் கெட்டியாகப் பிடித்துவிட்டது, கிழிந்த ஓரம்கூடத் தெரியவில்லை என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "இனி காலை மருந்து வேண்டாம், நிறுத்திவிடலாம். சாதாரணமாகக் கண்ணைத் திறங்கள்" என்றார்.

வெளியே வந்தேன். இவர் காடியை வாசலில் நிறுத்திவிட்டு, பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிப்பதையும் பொருட்படுத்தாமல் இறங்கி ஓடிவந்தார். "என்னா சொன்னாங்க?" என்றார்.

"நல்லாப் புடிச்சிக்கிச்சாம்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தேன். எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ. "காலை மருந்த மட்டும் விடக் கூடாதாம்" என்றேன்.

"விடுவமா?" என்றார்.

நான் செய்தது தப்புதான், தெரியும். ஆனால் கண் சரியாகிவிட்டது என்று சொன்னால் நாளைக் காலையில் அவர் எதற்கு வருவார்? பழையபடி நான் ஒரு பக்கம் எழுந்து போவேன், அவர் ஒரு பக்கம் காப்பி கலப்பார். நல்லவேளை, அந்த மருந்து வெறும் கண்ணீர் மாதிரிதான், ஊற்றினால் ஒரு கெடுதலும் இல்லை. அதனால் பொய்யை அப்படியே ஓட்டினேன். ஒரு மாதம் ஓடியது.

போன வாரம் ஒரு நாள் காலையில், கை மோந்து பார்த்தாயிற்று, இமையோரத்தில் விரல் வந்தாயிற்று, துளி மட்டும் விழவில்லை. தவறி வேறெங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்தேன். "விழுந்திச்சா?" என்று கேட்டார். "விழுந்திச்சு" என்றேன். அன்றைக்குத் தன் அப்பா கித்தாப் பால் வாளியோடு சைக்கிளில் விழுந்த கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். மறுநாளும் துளி விழவில்லை. புட்டி காலி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாங்கி வாருங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே? வாயைத் திறக்கவில்லை. "விழுந்திச்சா?" என்றார். "ம், விழுந்திச்சு" என்றேன்.

மூன்றாம் நாளும் அதே மாதிரி நடந்தது. "விழுந்திச்சா?"

"விழுந்திச்சு."

புட்டியைத் தலைமாட்டு மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "மருந்து முடிஞ்சு மூணு நாளாச்சும்மா" என்றார். "புதுசு வாங்கலாம்னு கிளினிக்குக்குப் போன் போட்டேன். போன மாசமே நிறுத்தச் சொல்லியாச்சே, ஒங்க வீட்டம்மா ஒங்ககிட்ட சொல்லலயான்னு அந்தப் பொண்ணு கேக்குது."

நான் கண்ணைத் திறக்கவில்லை. முகமெல்லாம் சூடாகிவிட்டது. மூன்று நாளாக அவர் காலிப் புட்டியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், நான் விழாத துளியை விழுந்தது என்று சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறேன். யார் யாரைக் கேட்பது?

"அப்ப நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கும் வாங்க" என்றேன்.